ஒன்றரை லட்சம் ஃபீஸ் வாங்கும் பள்ளிக்கு வரிவிலக்கு ஏன்?

ஜூன் மாதம் ஃபீஸ் கட்டிவிட்டு ரசீதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பள்ளியின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் தெரியும். ஏதோ ஒரு 'எஜுகேஷனல் டிரஸ்ட்', இல்லையென்றால் ஒரு 'சொசைட்டி'. எல்.கே.ஜி.க்கே லட்சக்கணக்கில் வாங்கும் இடம் எப்படி அறக்கட்டளை ஆகும், அதற்கு எதற்கு வருமான வரிவிலக்கு என்ற கேள்வி அப்போது எழும். பள்ளிகளில் வருமான வரித்துறை சோதனை என்று செய்தி வரும்போதெல்லாம் இதே கேள்வி இன்னொரு முறை சுற்றுக்கு வருகிறது.

இதில் குழப்பம் வருவதற்குக் காரணம், 'தர்மம்' என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளும் வரிச் சட்டம் கொள்ளும் பொருளும் வேறுவேறாக இருப்பதுதான். இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுப்பதை நாம் தர்மம் என்கிறோம். சட்டமோ எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பதில்லை. வாங்கிய பணம் எங்கே போனது என்று மட்டும் கேட்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் புரிந்துவிடும்.

ரசீதில் டிரஸ்ட் பெயர் ஏன்?

பெரும்பாலான பள்ளிகளுக்கு வேறு வழியில்லை என்பதுதான் நேரடி பதில். சி.பி.எஸ்.இ. இணைப்பு வேண்டுமென்றால் பள்ளியை நடத்துவது லாப நோக்கமற்ற ஓர் அமைப்பாக இருக்க வேண்டும். மூன்று வடிவங்கள் உண்டு:

1. அறக்கட்டளை. ஒருவர் பத்திரம் எழுதி, சொத்தை ஒரு நோக்கத்துக்கு ஒதுக்கி, அறங்காவலர்களிடம் ஒப்படைப்பது.
2. சங்கம். சங்கப் பதிவுச் சட்டப்படி உறுப்பினர்கள் சேர்ந்து அமைப்பது.
3. கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும் நிறுவனம். பெயர் கம்பெனிதான், ஆனால் பங்குதாரருக்கு டிவிடெண்ட் கொடுக்க முடியாது.

மூன்றுக்கும் பொதுவான அம்சம், மிச்சப் பணம் யாருக்கும் பங்காகப் போகக்கூடாது என்பது. ஆக, 'வரிவிலக்குக்காகத்தான் டிரஸ்ட் ஆரம்பித்தார்கள்' என்று சொல்வது பாதிதான் உண்மை. இப்படி ஓர் அமைப்பு இல்லாமல் சி.பி.எஸ்.இ. பள்ளியே ஆரம்பித்திருக்க முடியாது.

இன்னொன்று: டிரஸ்ட் பத்திரம் பதிவு செய்துவிட்டதாலேயே வரிவிலக்கு வந்துவிடாது. அதற்கு வருமான வரித்துறையிடம் தனியாகப் பதிவு வேண்டும். ஆடிட்டர்கள் '12ஏ' என்று சொல்வது இதைத்தான். 2021 ஏப்ரல் முதல் அது 12ஏபி. முன்பெல்லாம் ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். இப்போது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிறிய அமைப்புகளுக்கு இந்தக் கெடுவைப் பத்து ஆண்டாக நீட்டினார்கள், 2025இல்.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதில் எண்களெல்லாம் மாறிவிட்டன. 'பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு' என்று புதுப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டடம் பழையதுதான். தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்களிலேயே இருப்பதால் இங்கேயும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

கல்வி எப்படி அறப்பணி ஆனது

சட்டத்தின் 2(15) பிரிவு 'அறப்பணி' எது என்று பட்டியல் போடுகிறது: ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவ உதவி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நினைவுச் சின்னங்களைக் காத்தல், பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள். 'ஏழைகளுக்கு உதவி' தனியாக நிற்கிறது, 'கல்வி' தனியாக நிற்கிறது. கல்வி ஏழைக்குத்தான் கொடுக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை எதுவும் இல்லை.

இந்தப் பிரிப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1601ஆம் ஆண்டு எலிசபெத் ராணி காலத்து அறக்கொடைச் சட்டத்திலேயே பள்ளிகள் இடம்பெற்றன. 1891இல் பெம்செல் என்ற வழக்கில் மெக்நாட்டன் பிரபு அறப்பணியை நான்காக வகுத்தார்: வறுமை ஒழிப்பு, கல்வி, மதம், பிற பொதுநலம். அந்த வகுப்பின் சாயல்தான் நம் சட்டத்தில் இருக்கிறது. சென்னைவாசிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறக்கொடையிலிருந்து 1842இல் பள்ளி பிறந்த கதையை எல்லோரும் கேட்டிருப்போம். ஒரே வித்தியாசம், அங்கே பணம் இறந்தவரின் உயிலிலிருந்து வந்தது. இன்றைய பள்ளி டிரஸ்டுக்குப் பணம் வருவது பெற்றோரிடமிருந்து.

சரி, எது 'கல்வி'? அறிவு வளர்க்கும் எல்லாமே கல்விதானே என்று ஒரு பத்திரிகை நிறுவனம் வாதிட்டது. கர்நாடகத்தின் லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முறையாகப் பாடம் சொல்லிக்கொடுத்து மாணவரைப் பயிற்றுவிப்பதே இந்தச் சட்டத்துக்குக் கல்வி என்றது. பத்திரிகை படித்தாலும் அறிவு வளரும், ஊர் சுற்றினாலும் வளரும். அதற்காக அவற்றுக்கு வரிவிலக்கு தர முடியாது.

உபரி வேறு, லாபம் வேறு

இந்த விவகாரத்தின் நடுநாயகமான பகுதி இதுதான்.

பள்ளி, செலவு போக மிச்சம் பிடிக்கலாமா? பிடிக்கலாம். 1997இல் ஆதித்தனார் கல்வி நிறுவன வழக்கில், செலவெல்லாம் போக தற்செயலாக ஓர் உபரி நின்றால் அதனால் மட்டுமே அந்த நிறுவனம் கல்வி நிறுவனம் இல்லை என்றாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு இன்னும் விரிவாகப் பேசியது: அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வகுக்கலாம், வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் கேபிடேஷன் ஃபீயும் (சீட்டுக்காகத் தனியாகக் கேட்கும் பணம்) கூடாது. வருமான வரித்துறையும் 2015இல் ஒரு சுற்றறிக்கையில், உபரி வந்ததை மட்டும் காரணம் காட்டி வரிவிலக்கு அனுமதியை மறுக்கக்கூடாது என்று தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

உபரி என்பது நிறுவனத்துக்குள்ளேயே தங்கி அதே நோக்கத்துக்குத் திரும்பப் போகும் பணம். யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போனால் அது லாபம். தொகை ஒன்றாகவே இருக்கலாம். போகும் இடம்தான் பெயரைத் தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 1,500 மாணவர்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். மொத்தம் 12 கோடி.

1. ஆசிரியர், ஊழியர் சம்பளம் 6 கோடி. மின்சாரம், பராமரிப்பு, இதர செலவு 2 கோடி. மிச்சம் 4 கோடி.
2. சட்டப்படி வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். 12 கோடியில் 85 சதவீதம் 10.20 கோடி. இதுவரை ஆன செலவு 8 கோடிதான். இன்னும் 2.20 கோடி செலவாக வேண்டும்.
3. அந்த 2.20 கோடியில் ஒரு புதிய வகுப்பறைக் கட்டடம் கட்டினால், அதுவும் 'செலவு' என்று கணக்கில் ஏறும். வரி பூஜ்யம்.
4. மீதி 15 சதவீதம், அதாவது 1.80 கோடி, கேள்வியில்லாமல் டிரஸ்டிடம் இருக்கலாம். வங்கி வைப்பு, அரசுப் பத்திரங்கள் போன்று சட்டம் அனுமதித்த வழிகளில் முதலீடு செய்ய வேண்டும்.
5. இப்போது கட்டடம் வேண்டாம், பின்னால் கட்டுவோம் என்றால், காரணம் சொல்லிப் படிவம் கொடுத்து ஐந்து ஆண்டுவரை சேர்த்து வைக்கலாம்.

இதே பள்ளி சாதாரண கம்பெனியாக இருந்திருந்தால்? தேய்மானத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 4 கோடிக்கு 22 சதவீத வரி, அதன்மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து சுமார் 25.17 சதவீதம். கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய் வரி. தலைக்குக் கணக்கிட்டால் ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 6,700 ரூபாய். விலக்கின் மதிப்பு இவ்வளவுதான். 80,000 ரூபாய் ஃபீஸில் இது சிறு பங்கு, ஆனால் பள்ளிக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு கோடி என்பது சின்ன விஷயமில்லை.

ஆண்டுக்கு ஒரு புதுக் கட்டடம், நீச்சல் குளம், ஏசி ஆடிட்டோரியம் என்று சில பள்ளிகள் ஊதிக்கொண்டே போவதற்கு விளம்பரம் ஒரு காரணம். மேலே உள்ள கணக்கில் மூன்றாம் எண்ணில் சொன்னது இன்னொரு காரணம். பணத்தைக் கட்டடமாக மாற்றினால் வரி இல்லை. ஃபீஸைக் குறைத்தாலும் வரி இல்லை. ஃபீஸைக் குறைத்தால் சொத்து வளராது, கட்டினால் வளரும். தாளாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் கசியும் வழிகள்

டிவிடெண்ட் எடுக்க முடியாது. அப்படியானால் பள்ளி நடத்துபவர்கள் எப்படிப் பணக்காரர்கள் ஆகிறார்கள்? 'செலவு' என்ற கதவு வழியாகத்தான். துறை தேடும் வழிகள் இவை:

1. வாடகை. நிலமும் கட்டடமும் குடும்பத்தின் பெயரில் இருக்கும். டிரஸ்ட் அதற்கு வாடகை கொடுக்கும். வாடகை ஊர் நிலவரத்துக்கு மேல் போனால் அது கசிவு.
2. சம்பளம். தாளாளர், அவர் மனைவி, மகன், மருமகள் எல்லோரும் இயக்குநர், ஆலோசகர் என்ற பெயர்களில் சம்பளப் பட்டியலில் இருப்பது. சம்பளம் வாங்குவதே தவறில்லை. செய்யும் வேலைக்கு நியாயமாக இருக்க வேண்டும்.
3. கொள்முதல். சீருடை, நோட்டு, ஷூ, வேன் எல்லாம் குடும்பத்தாரின் கம்பெனியிடமிருந்து வருவது.
4. பெயருக்கான கட்டணம். பல ஊர்களில் கிளை விரிக்கும் பள்ளிகளில் பள்ளியை டிரஸ்ட் நடத்தும். 'பிராண்ட்', பாடத்திட்டம், நிர்வாக ஆலோசனை எல்லாவற்றையும் ஒரு தனியார் கம்பெனி கொடுத்து ராயல்டி வாங்கும். டிரஸ்டில் லாபம் இருக்காது, கம்பெனியில் இருக்கும்.
5. கடன். போதிய அடமானமோ வட்டியோ இல்லாமல் டிரஸ்ட் பணத்தை அறங்காவலருக்குக் கடனாகக் கொடுப்பது.

இவற்றை 13ஆம் பிரிவு தடுக்கிறது. நிறுவியவர், அறங்காவலர், அவர்களின் உறவினர், அவர்களுக்குக் கணிசமான பங்குள்ள தொழில்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ளவருக்கு டிரஸ்டால் நியாயத்துக்கு மேல் ஆதாயம் போனால் அது மீறல். முன்பு ஒரு மீறல் கண்டுபிடித்தால் மொத்த வருமானத்துக்குமே விலக்கு போகும் ஆபத்து இருந்தது. 2022 நிதிச் சட்டத்துக்குப் பின், திசைமாறிய தொகைக்கு மட்டும் 30 சதவீத வரி; அதோடு அதே அளவு தொகை அபராதம். இரண்டாம் முறை மாட்டினால் அபராதம் இரட்டிப்பு. கடுமையான மீறலில் பதிவே ரத்தாகலாம்.

பதிவு ரத்தானாலோ, டிரஸ்ட் தன் சொத்தைச் சாதாரண கம்பெனிக்கு மாற்றினாலோ இன்னொரு பொறி காத்திருக்கிறது. 2016இல் கொண்டுவந்த 'வெளியேறும் வரி' அது. சொத்துகளின் அன்றைய சந்தை மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி. இத்தனை ஆண்டு விலக்கில் வளர்ந்ததை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடக்கூடாது என்பதற்காக. 'பள்ளியை விற்றுவிட்டார்கள்' என்று ஊரில் பேசிக்கொள்வது பெரும்பாலும் அறங்காவலர்கள் மாறுவதைத்தான். சொத்து டிரஸ்டின் பெயரிலேயே இருக்கும், நாற்காலியில் ஆள் மாறியிருப்பார்.

மேலே சொன்ன ஐந்து கசிவு வழிகளில் நான்காவதான பெயருக்கான கட்டணம்தான் அதிகாரிகளுக்குத் தலைவலி என்பது என் கணிப்பு. வாடகைக்கு ஒரு ஊர் நிலவரம் உண்டு, சீருடைக்கு ஒரு கடை விலை உண்டு. ஒரு பெயருக்கு என்ன நியாய விலை என்று யார் சொல்வது?

2022 தீர்ப்பு எதை மாற்றியது

12ஏ போக, கல்வி நிறுவனங்களுக்கென்றே இன்னொரு பாதை இருந்தது: 10(23சி). 'கல்விக்காக மட்டுமே, லாபத்துக்காக இல்லாமல்' இயங்கும் நிறுவனத்துக்கு அது. இந்த 'மட்டுமே' என்ற சொல்லை நீதிமன்றங்கள் நெடுங்காலம் தாராளமாகப் படித்தன. முதன்மை நோக்கம் கல்வியாக இருந்தால் போதும் என்பதே 2015இல் குவீன்ஸ் எஜுகேஷனல் சொசைட்டி வழக்குவரை நிலை.

2022 அக்டோபர் 19 அன்று நியூ நோபிள் எஜுகேஷனல் சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. தலைமை நீதிபதி யு.யு. லலித், நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், பி.எஸ். நரசிம்மா கொண்ட அமர்வு, 'மட்டுமே' என்றால் மட்டுமேதான் என்றது. நிறுவனத்தின் நோக்கங்கள் அனைத்தும் கல்வி சார்ந்தவையாக இருக்க வேண்டும். பத்திரத்தில் பள்ளியோடு சேர்த்து வேறு நோக்கங்களையும் அடுக்கியிருந்தால் இந்தப் பாதை மூடப்படும். பள்ளியின் பக்கத்தொழில்களும் கல்வியை ஒட்டியே இருக்க வேண்டும்: சொந்த மாணவர்களுக்குப் புத்தகம் விற்பது, பஸ் ஓட்டுவது, விடுதி நடத்துவது போன்றவை. அவற்றுக்குத் தனிக் கணக்கும் வேண்டும். தீர்ப்பு இனிவரும் காலத்துக்கு மட்டும் என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'பள்ளிகளுக்கு இனி வரிவிலக்கு இல்லை' என்று அப்போது பரவிய பேச்சு தவறு. உபரியை அந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. தவிர, அது பேசியது 10(23சி) பாதையை. 12ஏபியில் கல்வியோடு மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று பல அறப்பணிகளைச் சேர்த்தே நடத்தலாம். 2024 அக்டோபர் முதல் 10(23சி) அனுமதிக்குப் புது விண்ணப்பமே வாங்குவதில்லை. எல்லோரும் 12ஏபிக்கு வர வேண்டும் என்று அரசு இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கிவிட்டது. தீர்ப்பின் கூர்மை நடைமுறையில் பெருமளவு மழுங்கியது இதனால்தான். ஆண்டு வரவு 5 கோடி ரூபாயைத் தாண்டாத சிறிய பள்ளிகள் அனுமதியே இல்லாமல் விலக்குப் பெறும் வழி ஒன்று உண்டு. அங்கே இந்த 'மட்டுமே' இன்னும் கடிக்கும். சிறிய பள்ளிகள் பழைய பத்திரத்தை எடுத்து நோக்கப் பட்டியலை ஒருமுறை வாசிப்பது நல்லது.

நன்கொடை, 80ஜி, 80சி

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம். மூன்று தனித்தனி விஷயங்கள் இவை.

1. சேர்க்கைக்காகக் கேட்கும் 'நன்கொடை' நன்கொடையே இல்லை. மனமுவந்து, எதையும் எதிர்பாராமல் கொடுப்பதுதான் நன்கொடை. சீட்டுக்குக் கொடுப்பது விலை. தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் கேபிடேஷன் ஃபீயைத் தடை செய்திருக்கிறது.
2. 80ஜி என்பது கொடுப்பவருக்கான சலுகை. டிரஸ்டுக்கு 80ஜி அனுமதி இருந்து, உண்மையாகவே நன்கொடை கொடுத்தால், பொதுவாகத் தொகையில் பாதியை ஓர் உச்சவரம்புக்குள் வருமானத்திலிருந்து கழிக்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை.
3. 80சி என்பது பெற்றோர் கட்டும் டியூஷன் ஃபீஸை அவர்கள் வருமானத்திலிருந்து கழிக்க விடும் சலுகை. இரண்டு குழந்தைகள்வரை, பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து 1.5 லட்சத்துக்குள். டியூஷன் ஃபீஸ் மட்டும்தான். வளர்ச்சிக் கட்டணமும் நன்கொடையும் இதில் வராது.

80ஜி, 80சி இரண்டும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே. புதிய முறையில் இருப்பவர் ரசீதைப் பத்திரப்படுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜி.எஸ்.டி.: விலக்கே சுமையாகும் இடம்

மழலையர் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பள்ளிக் கல்விக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இதற்கும் டிரஸ்டுக்கும் தொடர்பில்லை; சேவைக்குக் கிடைக்கும் விலக்கு இது. பள்ளிக்கு வேன் ஓட்டுபவர், காவல், துப்புரவு ஒப்பந்தக்காரர் பள்ளிக்குச் செய்யும் சேவைக்கும் விலக்கு உண்டு.

ஆனால் கட்டட ஒப்பந்தக்காரர், கணினி, மேசை நாற்காலி எல்லாவற்றுக்கும் பள்ளி ஜி.எஸ்.டி. கட்டுகிறது. ஒரு வியாபாரி என்றால் வாங்கும்போது கட்டிய வரியைத் தான் விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வார். பள்ளி வரியே வசூலிப்பதில்லை, அதனால் கழிக்கவும் வழியில்லை. கட்டிய வரி செலவோடு சேர்ந்து ஃபீஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பிரிட்டன் இதில் எதிர்த்திசையில் போனது. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி போட்டார்கள். இங்கிலாந்தில் அதே ஆண்டு ஏப்ரலில், அறக்கட்டளைப் பள்ளிகள் கட்டடங்களுக்கான வணிக வரியில் பெற்றுவந்த 80 சதவீதத் தள்ளுபடியையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அறக்கட்டளை என்ற தகுதியைத் தொடவில்லை. வாட் வந்ததால் அங்கே பள்ளிகள் தாங்கள் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறவும் முடிகிறது. அறத் தகுதி, வருமான வரி, விற்பனை வரி, கட்டட வரி ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம். இங்கேயும் வருமான வரிவிலக்கு இருப்பதாலேயே சொத்து வரிவிலக்கு வந்துவிடாது. அது உள்ளாட்சிச் சட்டத்தின் பாடு.

அப்படியானால் ஃபீஸை யார் கேட்பது?

வருமான வரி அதிகாரி கேட்க மாட்டார். ஒன்றரை லட்சம் வாங்கி ஒன்றரை லட்சத்தையும் பள்ளிக்கே செலவழித்தால் அவருக்கு வேலையில்லை. ஐயாயிரம் வாங்கும் பள்ளியில் ஐநூறு தாளாளரின் சொந்தக் கணக்குக்குப் போனால் அவருக்கு வேலை உண்டு.

ஃபீஸைக் கேட்பது மாநிலச் சட்டம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. பள்ளி இருக்கும் இடம், வசதிகள், நிர்வாக, பராமரிப்புச் செலவு, இவற்றோடு வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து மூன்று ஆண்டுக்கு ஒரு தொகை. 'நியாயமான உபரி' இங்கேயும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். வரி அதிகாரி அந்த உபரி எங்கே போனது என்று பார்க்கிறார், குழு அது எவ்வளவு இருக்கலாம் என்று பார்க்கிறது. ஒரே கணக்குப் புத்தகத்தை இரண்டு பேரும் வாங்கிப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு இந்தக் கட்டமைப்பில் இல்லை. கட்டணக் குழுவிடம் செலவை உயர்த்திக் காட்டினால் ஃபீஸ் கூடும். வரித்துறையிடம் செலவை உயர்த்திக் காட்டினால் 85 சதவீதம் எளிதில் நிறையும். இரண்டு இடத்திலும் செலவு அதிகம் என்று சொல்வதே பள்ளிக்கு லாபம். அந்தச் செலவுச் சீட்டுகளில் எத்தனை குடும்பக் கம்பெனியின் முத்திரையோடு வருகின்றன என்று பார்க்க வேண்டியவர், கடைசியில், மறுபடியும் அந்த வரி அதிகாரிதான்.